செக்ரட்டேரியட் ஏன் தோற்றது? 1973 டெர்பிக்கு முந்தைய பதினான்கு நாட்கள்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லூயிவில் நகரிலுள்ள சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் மே மாதத்தின் முதல் சனிக்கிழமை நடைபெறும் கென்டக்கி டெர்பி, மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டுமே உரிய பந்தயமாதலால், எந்தக் குதிரைக்கும் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அதில் ஓடும் வாய்ப்புக் கிடைக்கிறது. பந்தயத்தின் தூரம் ஒன்றே கால் மைல். பந்தயக்காரர்களின் கணக்கில் அது பத்து ஃபர்லாங், அதாவது ஏறத்தாழ 2,012 மீட்டர். அங்கு வந்து சேரும் குதிரைகளில் பெரும்பாலானவை அதற்குமுன் ஒன்பது ஃபர்லாங்குக்கு மேல் போட்டியில் ஓடியிருப்பதில்லை. வட அரைக்கோளத்துப் பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும், அவை பிறந்த நாள் எதுவாயினும், ஜனவரி 1 அன்றே ஒரு வயது கூடுவதாகக் கொள்வது மரபு என்பதால், மூன்று வயது என்று பெயர் பெற்ற குதிரைகளுள் சில உண்மையில் மூன்றை அப்போதுதான் தொட்டிருக்கும்; சில இன்னும் தொட்டிருக்கவும் மாட்டா. இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் உடல், இதுவரை ஓடிப் பாராத ஒரு தூரத்தை எவ்வாறு கடக்கும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் இளங்குதிரையைக் கணிப்பவரின் வேலை.

அந்த வேலையின் கடினத்தை 1973ஆம் ஆண்டின் ஏப்ரல், மே மாதங்களைப் போல் தெளிவாகக் காட்டும் காலம் வேறொன்று இருப்பது அரிது. முந்தைய ஆண்டு, இரண்டு வயதிலேயே, அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த குதிரை என்னும் பட்டத்தைப் பெற்றிருந்த செக்ரட்டேரியட், டெர்பிக்குச் சரியாகப் பதினான்கு நாட்களுக்கு முன், ஏப்ரல் 21 அன்று, நியூயார்க்கின் அக்வடக்ட் மைதானத்தில் நடந்த வுட் மெமோரியல் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தது. அதை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. தோல்வி நடந்தது என்பதில் ஐயமில்லை. அதன் காரணம் அந்தக் குதிரையின் இயல்பிலேயே ஊறிய நிலையான குறையா, அல்லது அந்த ஒரு நாளோடு வந்து போன தற்காலிகத் தடையா என்பதே கேள்வி. குதிரையைக் கணிக்கும் கலை முழுவதும் இந்தப் பிரித்தறிதலில்தான் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. வம்சம், உடற்கட்டு, கடிகாரம், பயிற்சி ஓட்டம் ஆகிய எல்லாமே இந்த ஒரு கேள்விக்குச் சாட்சி சொல்ல வருபவைதாம்.

செக்ரட்டேரியட் 1970 மார்ச் 30 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் ‘தி மெடோ’ என்னும் பண்ணையில் பிறந்த செம்பழுப்பு நிறக் குதிரை. 1972 ஜூலை 4 அன்று ஓடிய முதல் பந்தயத்தில், புறப்பட்ட கணத்திலேயே மற்றொரு குதிரை வந்து இடித்ததால் பின்தங்கி, நான்காவதாக முடித்தது. அதன்பின் அவ்வாண்டு ஓடிய எட்டுப் பந்தயங்களிலும் எல்லைக்கோட்டை முதலில் கடந்தது அதுவே. ஆயினும் ஷாம்பெயின் பந்தயத்தில் மற்றொரு குதிரைக்கு இடையூறு செய்ததாக நடுவர்கள் முடிவு செய்து இரண்டாம் இடத்துக்கு இறக்கியதால், பதிவேட்டில் ஏழு வெற்றிகளே நின்றன. பண்ணையின் நிறுவனர் கிறிஸ்டோபர் செனரி 1973 ஜனவரியில் காலமானதையடுத்து, மரபுரிமை வரி கட்டும் நெருக்கடியில் இருந்த அவருடைய மகள் பென்னி ட்வீடி (பிற்காலத்தில் பென்னி செனரி என்று அறியப்பட்டவர்), குதிரையின் பிற்கால இனவிருத்தி உரிமையை ஒவ்வொன்றும் 1,90,000 டாலர் விலையுள்ள 32 பங்குகளாகப் பிரித்து விற்க ஏற்பாடு செய்தார். மொத்தம் 60 லட்சத்து 80 ஆயிரம் டாலர். அந்நாளில் அது சாதனைத் தொகை. மூன்று வயதில் ஒரு பந்தயம்கூட ஓடியிராத குதிரைக்கு அவ்வளவு பணம் கொடுத்தவர்கள் வாங்கியது செய்து முடித்த சாதனையை அன்று, செய்யப்போகும் சாதனை பற்றிய ஒரு கணிப்பையே.

அந்தக் கணிப்புக்கு எதிராக நின்ற மிக வலுவான வாதம் வம்சத்திலிருந்து வந்தது. செக்ரட்டேரியட்டின் தந்தை போல்ட் ரூலர், அக்காலத்து அமெரிக்காவின் தலைசிறந்த பொலிகுதிரை. அதன் குட்டிகள் ஈட்டிய பரிசுப் பணத்தின் அடிப்படையில் 1963 முதல் 1969 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது. ஆனால் அக்குட்டிகள் இரண்டு வயதிலேயே பழுத்து, ஒரு மைல் வரை மின்னலாய்ப் பாய்ந்து, தூரம் கூடக்கூட ஓய்ந்துவிடுபவை என்ற பெயர் பரவலாக நிலைத்திருந்தது. டெர்பி, பிரீக்னெஸ், பெல்மான்ட் என்னும் மூன்று பெரும் பந்தயங்கள் அடங்கிய ‘மும்முடி’ வரிசையில் ஒன்றைக்கூட போல்ட் ரூலரின் குட்டி எதுவும் அதுவரை வென்றதில்லை. போல்ட் ரூலரே 1957ஆம் ஆண்டு டெர்பியில் நான்காவதாகத்தான் வந்தது. ஆகவே ஒன்பது ஃபர்லாங் கொண்ட வுட் மெமோரியலில் செக்ரட்டேரியட் தளர்ந்ததைப் பார்த்தவர்கள், தந்தையின் குணம் வெளிப்பட்டுவிட்டது என்று முடிவுகட்டியதில் வியப்பில்லை. அந்த முடிவில் பாதி வம்சம் விடுபட்டுப்போயிருந்தது. தாய்க்குதிரை சம்திங்ராயலின் தந்தை பிரின்ஸ்குவில்லோ, நெடுந்தூரம் தாங்கி ஓடும் ஆற்றலைத் தன் மகள்களின் வழியே பேரக்குட்டிகளுக்குக் கொடுப்பதில் புகழ்பெற்றது. தந்தையின் வேகமும் தாய்வழிப் பாட்டனின் தாக்குப்பிடிக்கும் ஆற்றலும் ஒரே உடலில் சேரக்கூடும் என்பதை வம்ச அட்டவணையே சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் எது எந்த அளவில் சேர்ந்திருக்கிறது என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. ஒரே தாய்க்கும் ஒரே தந்தைக்கும் பிறந்த குதிரைகளில் ஒன்று வீரனாகவும் மற்றொன்று பெயரற்றதாகவும் போவது பந்தய உலகில் அன்றாடம் காணக்கூடியது. வம்சம் ஓர் ஊகத்தின் தொடக்கமே தவிர முடிவன்று. குதிரை ஓடத் தொடங்கிய பிறகும் வம்சத்தையே பிடித்துக்கொண்டிருப்பது, கண்ணெதிரே இருக்கும் சாட்சியைத் தள்ளிவிட்டு வதந்தியைக் கேட்பதற்கு நிகர்.

உடற்கட்டைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் குதிரை வாங்குவோர் ஒரு காலத்தில் உடலிலுள்ள சுழிகளைப் பார்த்து நன்மை தீமை சொன்னதற்கும், பந்தயக் குதிரை வாங்குவோர் கால்களைப் பார்ப்பதற்கும் அடிப்படையில் பெரிய வேறுபாடு உண்டு. பின்னதில் எலும்பியல் இருக்கிறது. நான்கு கால் பாய்ச்சலில் ஓடும் குதிரையின் ஒற்றை முன்கால், தரையை அழுந்தத் தொடும் கணத்தில் உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசையைத் தாங்க வேண்டியிருப்பதால், முன்கால் முழங்கால் நேராக அமைந்திருக்கிறதா, குளம்புக்கு மேலுள்ள கணுப்பகுதி தேவையான அளவு சாய்ந்திருக்கிறதா என்பவை முதலில் கவனிக்கப்படும். முழங்காலுக்குச் சற்று மேலே எலும்பு வளர்வதற்கு இடமளிக்கும் குருத்தெலும்புத் தட்டு, ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை வயதுக்குள்தான் இறுகி மூடுகிறது. அதற்குமுன் கடுமையாக ஓட வைக்கப்படும் குதிரை, திறமை இருந்தும் காயத்தால் வீணாகும் ஆபத்து அதிகம். எனவே இளங்குதிரையின் ஃபார்மை, அதாவது அண்மைய ஓட்டங்களில் வெளிப்பட்ட தரத்தை, முதிர்ந்த குதிரையின் ஃபார்மைப் போல் படிக்க முடியாது. அக்டோபரில் இருந்த குதிரையும் மே மாதத்துக் குதிரையும் பெயரளவில்தான் ஒன்று. இடைப்பட்ட ஆறு மாதங்களில் தோளும் பின்தொடையும் திரண்டு, பாய்ச்சலின் நீளம் கூடி, முன்பு வென்ற குதிரை நின்ற இடத்திலேயே நின்றுவிட, முன்பு தோற்ற குதிரை அதைத் தாண்டிச் செல்வது இயல்பாக நடக்கிறது. செக்ரட்டேரியட்டின் பாய்ச்சல் ஒவ்வொன்றும் சுமார் 25 அடி நீளம் கொண்டது. குதிரை பாய்ந்தோடுகையில் ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்ற கணக்கில் சுவாசமும் பாய்ச்சலும் பிணைந்தே நிகழ்வதால், நீண்ட பாய்ச்சல் என்பது அழகு மட்டுமன்று, தூரத்தைச் சிக்கனமாகக் கடக்கும் முறையும் ஆகும்.

அடுத்த சாட்சி கடிகாரம். எளிதில் நம்பத் தூண்டுவதும் எளிதில் ஏமாற்றுவதும் அதுவே. அந்நாளில் அமெரிக்கப் பந்தயங்களின் நேரம் விநாடியின் ஐந்தில் ஒரு பங்கு வரை அளக்கப்பட்டது. ஏப்ரல் 7 அன்று நடந்த ஒரு மைல் கோதம் பந்தயத்தை செக்ரட்டேரியட் 1 நிமிடம் 33 2/5 விநாடியில் வென்று அக்வடக்ட் மைதானத்தின் சாதனை நேரத்தைச் சமன் செய்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு, நாட்டின் மறுகோடியான கலிஃபோர்னியாவில், ஷாம் என்னும் குதிரை ஒன்பது ஃபர்லாங் கொண்ட சான்டா அனிட்டா டெர்பியை 1 நிமிடம் 47 விநாடியில் வென்றிருந்தது. மூன்று வாரம் கழித்து அதே ஒன்பது ஃபர்லாங் தூரத்துக்கு வுட் மெமோரியலில் வெற்றி பெற்ற குதிரை எடுத்துக்கொண்ட நேரமோ 1 நிமிடம் 49 4/5 விநாடி. எண்களை மட்டும் பார்த்தால் கலிஃபோர்னிய ஓட்டம் ஏறத்தாழ மூன்று விநாடி மேலானது. ஒரு விநாடிக்கு ஏறத்தாழ ஐந்து குதிரை நீளம் என்பது பந்தயக்காரர்களின் வழக்கமான கணக்காகையால், அது பதினான்கு குதிரை நீள இடைவெளி. ஆனால் ஷாம் இரண்டு பந்தயங்களிலும் ஓடியது, இரண்டாவதில் தோற்றது. ஒரே குதிரை மூன்று வார இடைவெளியில் பதினான்கு நீளம் மந்தமாகிவிட்டது என்று கொள்வதைவிட, இரு மைதானங்களின் மண்ணும் ஈரமும் காற்றும் வேறு என்று கொள்வதே அறிவுடைமை. ஒரே நாளில் ஒரே தடத்தில் ஓடிய மற்றப் பந்தயங்களின் நேரங்களோடு ஒப்பிட்டு, அன்றைய தடம் எவ்வளவு வேகமானது என்று கண்டு, அதைக் கழித்துக் குதிரையின் வேகத்தை எண்ணாக்கும் முறையை ஆன்ட்ரூ பேயர் என்னும் பத்திரிகையாளர் 1975இல் வெளியிட்ட நூலின் மூலம் பரவலாக்கினார். இன்று அமெரிக்கப் பந்தய இதழைப் புரட்டும் எவரும் அந்த எண்ணைத்தான் முதலில் தேடுகிறார்கள்.

ஓட்டத்தின் மொத்த நேரத்தைவிட, அந்த நேரம் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பது அதிகம் பேசும். வுட் மெமோரியலை வென்ற ஆங்கிள் லைட், செக்ரட்டேரியட்டின் பயிற்சியாளரான லூசியன் லாரினின் லாயத்தையே சேர்ந்த மற்றொரு குதிரை. அது தொடக்கம் முதல் இறுதி வரை முன்னே ஓடியது. முதல் இடத்தில் யாருடைய நெருக்கடியும் இன்றித் தன் விருப்பப்படி ஓட விடப்படும் குதிரை இறுதி நேர்வழிக்குச் சக்தியைச் சேமித்து வைத்துக்கொள்ளும். பின்னாலிருந்து வந்து முந்துவதைப் பழக்கமாகக் கொண்ட குதிரைக்கோ, முன்னணியில் இருப்பவை முதலிலேயே களைக்க வேண்டும். ஷாமின் தரப்பு செக்ரட்டேரியட்டைக் கண்காணிப்பதிலேயே கருத்தாக இருந்ததால், ஆங்கிள் லைட்டைத் துரத்துவார் இல்லை. அது ஷாமை ஒரு தலையளவில் வென்றது. செக்ரட்டேரியட் அவற்றுக்கு நான்கு நீளம் பின்னால் வந்தது. ஓட்டத்தின் அமைப்பு தோல்வியின் ஒரு பகுதியை விளக்குகிறதே தவிர முழுவதையும் விளக்கவில்லை, ஏனெனில் ஜாக்கி ரான் டர்காட் கேட்டபோது குதிரை வழக்கமான பாய்ச்சலைக் கொடுக்கவே இல்லை.

மீதிக் காரணம் குதிரையின் வாயில் இருந்தது. அமெரிக்கப் பந்தயக் குதிரைகளின் அடையாள எண் மேலுதட்டின் உட்புறத்தில் பச்சை குத்தப்படுவது அக்கால வழக்கம். பந்தய நாள் காலையில் அதைச் சரிபார்க்க உதட்டைத் தூக்கிய கால்நடை மருத்துவர் அங்கே ஒரு சீழ்க்கட்டியைக் கண்டார். கடிவாளம் இழுக்கப்படும்போதெல்லாம் அந்த இடத்தில் வலிக்கும். ஜாக்கி பிடிப்பை இறுக்க, அந்த இறுக்கத்தின் மேல் சாய்ந்துகொண்டு வேகமெடுக்கும் குதிரைக்கு அது பெருந்தடை. பந்தயத்துக்கு முந்தைய வாரத்தில் நடந்த பயிற்சி ஓட்டம் வழக்கத்துக்கு மாறாக மந்தமாக இருந்ததற்கும் இதுவே காரணமாக இருந்திருக்கலாம். இவ்வளவு இருந்தும் கட்டி பற்றிய செய்தி பந்தயத்துக்கு முன் ஜாக்கியிடமே தெரிவிக்கப்படவில்லை. குதிரையின் மேல் அமர்ந்திருந்தவருக்கே தெரியாத ஒன்றை, கூட்டத்தில் நின்று பார்த்தவர் அறிந்திருக்க வழியில்லை. தாங்கள் பார்ப்பது முழுச் சித்திரம் அன்று என்பதை வெளியில் இருந்து கணிப்பவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியிருப்பது இத்தகைய இடங்களில்தான். ஒரு தோல்விக்கு வெளிப்படையான காரணம் தென்படாதபோது, காரணமே இல்லை என்று முடிவுகட்டுவதைக் காட்டிலும், முந்தைய பத்து ஓட்டங்களின் சாட்சியை ஒரு ஓட்டத்துக்காகக் கைவிடாமல் பொறுத்திருப்பதே மேலான நிலைப்பாடு.

அறியாமை இருக்கும் இடத்தில் வதந்தி குடியேறும். செக்ரட்டேரியட்டின் முழங்காலில் கோளாறு என்றும், அதற்குப் பனிக்கட்டி வைத்து ஒத்தடம் கொடுக்கிறார்கள் என்றும் லாஸ் வேகாஸின் புகழ்பெற்ற பந்தயக் கணிப்பாளர் ஜிம்மி ஸ்னைடர் சொன்ன செய்தி நாடெங்கும் பரவியது. லாயத்தார் அதை மறுத்தனர். கட்டி உடைந்து ஆறிய பின், மே 2 அன்று சர்ச்சில் டவுன்ஸில் நடந்த பயிற்சியில் குதிரை ஐந்து ஃபர்லாங்கை 58 3/5 விநாடியில் கடந்தது. பயிற்சி ஓட்டத்தின் நேரத்தைத் தனியே எடுத்து வியப்பது பயனற்றது. பயிற்சியாளர் கேட்ட வேகத்தைத்தான் குதிரை கொடுக்கும், அவர் மெதுவாக ஓட்டச் சொல்லியிருந்தால் மந்தமான நேரத்துக்குப் பொருளே இல்லை. ஆனால் அதே குதிரையின் முந்தைய பயிற்சியோடு ஒப்பிடும்போது அதற்குப் பொருள் வருகிறது. வுட் மெமோரியலுக்கு முன் சோர்ந்து ஓடிய உடல் டெர்பிக்கு மூன்று நாள் முன்பு விரும்பி ஓடியது என்பது, தடை நீங்கிவிட்டது என்பதற்கு அப்போது கிடைத்த மிகச் சிறந்த சான்று. நொண்டும் முழங்காலோடு எந்தக் குதிரையும் அவ்வாறு ஓடாது.

பொதுமக்களின் கணிப்பு எப்படி இருந்தது என்பதைப் பந்தய விகிதங்கள் பதிவு செய்திருக்கின்றன. அமெரிக்க முறையில் மக்கள் கட்டும் பணம் ஒரே தொகுப்பில் சேர்ந்து, மைதானத்தின் பங்கும் வரியும் கழிக்கப்பட்டு, எஞ்சியது வென்றவர்களுக்குப் பிரித்தளிக்கப்படுவதால், எந்தக் குதிரையின் மேல் அதிகம் பணம் விழுகிறதோ அதற்குத் தரும் பலன் குறைகிறது. விகிதம் என்பது கூட்டத்தின் ஒட்டுமொத்த நம்பிக்கையின் அளவே. தோல்விக்குப் பின்னும் செக்ரட்டேரியட்டும் ஆங்கிள் லைட்டும் சேர்ந்த இணைப்பதிவே முதல் விருப்பமாக நின்றது. ஆனால் 2 டாலருக்கு 5 டாலர் என்ற அளவில், அதாவது கூட்டம் பாதி மனத்தோடுதான் நம்பியது. இத்தகைய கணிப்பு வெறும் அதிர்ஷ்டமா என்ற கேள்வி தமிழ்நாட்டிலும் எழுந்து நீதிமன்றம் வரை சென்றதுண்டு. மாநில அரசின் தடைச் சட்டத்தை ஒட்டி எழுந்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பு, குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் தேர்ச்சி ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு, குதிரைப் பந்தயம் பெருமளவில் திறமையைச் சார்ந்தது என்று கூறியது. அது சட்டத்தின் பார்வை. அதை நம்பிப் பணம் கட்டும் சாதாரண மனிதரிடம் அந்தத் திறமை இருக்கிறது என்று அத்தீர்ப்பு சொல்லவில்லை என்பதையும் நினைவில் வைப்பது நல்லது. தொகுப்பிலிருந்து முதலிலேயே ஒரு பங்கு கழிக்கப்பட்டுவிடுவதால், கட்டுவோர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் அவர்கள் எப்போதும் இழப்பவர்களே.

மே 5 அன்று 13 குதிரைகள் ஓடின. செக்ரட்டேரியட் பத்தாவது இடத்திலிருந்து புறப்பட்டு, முதலில் கடைசிக் குதிரையாகப் பின்தங்கியது. பின்னர் வெளிப்புறமாக ஒவ்வொன்றாகக் கடந்து, இறுதி நேர்வழியில் ஷாமை முந்தி, இரண்டரை நீளத்தில் வென்றது. நேரம் 1 நிமிடம் 59 2/5 விநாடி; அரை நூற்றாண்டைக் கடந்தும் அந்தச் சாதனை முறியடிக்கப்படவில்லை. அதைவிட வியப்பளிப்பது ஓட்டத்தின் உட்பிரிவு. பந்தயத்தைக் கால் மைல்களாகப் பிரித்தால் செக்ரட்டேரியட் அவற்றைக் கடக்க எடுத்த நேரம் முறையே 25 1/5, 24, 23 4/5, 23 2/5, 23 விநாடிகள். தூரம் கூடக்கூட ஓயும் வம்சம் என்று சொல்லப்பட்ட குதிரை, ஒவ்வொரு கால் மைலையும் முந்தையதைவிட வேகமாக ஓடி முடித்தது. ஐந்து வாரம் கழித்து, பன்னிரண்டு ஃபர்லாங் கொண்ட பெல்மான்ட் பந்தயத்தை 31 நீளத்தில் வென்றபோது வம்சம் பற்றிய வாதம் முற்றிலும் அடங்கியது.

இருந்தும் அந்த வசந்தத்தில் யாராலும் பார்த்திருக்க முடியாத ஒரு காரணம் பிறகு வெளிவந்தது. செக்ரட்டேரியட் 1989இல் குளம்பு அழற்சி நோயால் துன்புற்றுக் கருணைக்கொலை செய்யப்பட்டபின், உடலை ஆய்ந்த டாக்டர் தாமஸ் ஸ்வெர்செக், சாதாரண பந்தயக் குதிரையின் இதயத்தைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு பெரிய இதயத்தைக் கண்டார். எடையிடாமல் விட்ட அதை அவர் பின்னாளில் 22 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 10 கிலோ, என்று மதிப்பிட்டார். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தைத் தள்ளினால் தசைகளுக்கு அதிக ஆக்ஸிஜன் கிடைக்கிறது. பத்து ஃபர்லாங் ஓட்டத்தின் பிற்பகுதியில் அதுவே தாக்குப்பிடிக்கும் ஆற்றலாகிறது. இன்று விற்பனைக்கு வரும் ஒரு வயதுக் குட்டிகளின் இதயத்தை அல்ட்ராசவுண்ட் கொண்டு அளந்து பார்த்து வாங்குபவர்கள் உண்டு; 1973இல் அத்தகைய அளவீடு எவர் கையிலும் இல்லை. 1993இல் ஷாம் இறந்தபோது அதே மருத்துவர் அதன் இதயத்தை எடையிட்டார்: 18 பவுண்டு.

ஷாமைத் தேர்ந்தெடுத்தவர்களைத் தவறாகக் கணித்தவர்கள் என்று வரலாறு ஒதுக்கிவிட்டது நியாயமன்று. புறப்பாட்டுக் கதவில் தலை மோதி இரண்டு பற்களை இழந்த நிலையிலும், ஷாம் எல்லைக்கோட்டைக் கடந்தது ஏறத்தாழ 1 நிமிடம் 59 4/5 விநாடியில். இரண்டாமிடக் குதிரைக்கு அதிகாரபூர்வ நேரம் பதிவாகாததால் இரண்டரை நீளத்தை விநாடியாக்கியே அதைக் கணக்கிட வேண்டியிருக்கிறது. அதுவரை நடந்த டெர்பிகளில் மிக வேகமானது 1964இல் நார்தர்ன் டான்ஸர் எடுத்த இரண்டு நிமிடம். 1973க்குப் பிறகும் இரண்டு நிமிடத்துக்குள் டெர்பியை வென்றது 2001இல் மொனார்க்கோஸ் என்னும் ஒரே குதிரை, 1 நிமிடம் 59.97 விநாடியில். கலிஃபோர்னியாவில் ஷாமின் ஓட்டத்தைப் பார்த்து, பத்து ஃபர்லாங்கையும் இது இப்படியே ஓடும் என்று சொன்னவர்கள் அந்தக் குதிரையைப் பற்றிச் சொன்னது ஒவ்வொன்றும் உண்மையாயிற்று. அதே மே மாதத்தில் அதே தடத்தில் மற்றொரு குதிரை அதைவிட வேகமாக ஓடியது.